இரவில் அழுகிற பிள்ளையின் எலும்பு

(ஆறுமுகநேரியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



உப்பளத்தில் காலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். குரும்பூர், நாசரேத், ஆத்தூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் இருக்கிறீர்கள். இந்த வெயிலில் வந்ததற்கு முதலாவது நன்றி சொல்லுகிறேன். இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் சற்று வித்தியாசமானது. சிறுவர், வாலிபர்களின் எலும்பில் வருகிற புற்று அல்லாத கட்டிகளைப் பற்றியும், உடம்பைக் கிழித்துத் திறக்காமல் ஊசித் துவாரம் வழியாகவே அவற்றைக் குணமாக்குகிற சிகிச்சையைப் பற்றியும் பேசவேண்டும்.

"இதை டாக்டர் அல்லவா பேசவேண்டும், குருவானவருக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். காரணத்தைச் சொல்லுகிறேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பெற்றோருக்குப் பத்து நிமிடம் விளக்குகிறார். வெளியே வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். பெற்றோர் வெளியே வந்து பெஞ்சில் உட்காரும்போது, அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அவர்கள் காதில் நிற்பது ஒரே ஒரு சொல்: "கட்டி." அப்போது பக்கத்தில் போய் உட்காருகிறவன் நான். என்னிடம் அவர்கள் கேட்கிற கேள்வியும் ஒன்றே: "ஐயா, பிள்ளை காலை எடுத்துருவாங்களா?"

அந்தக் கேள்விக்கு ஜெபம் மாத்திரம் போதாது, உண்மையான பதிலும் வேண்டும். ஆகவே நம் டாக்டர்களிடம் கேட்டும் வாசித்தும் நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் பகிர்ந்துகொள்ளுகிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது டாக்டருடைய வேலை. அந்த டாக்டரிடம் பிள்ளை காலத்தில் போய்ச் சேரும்படி செய்வது நம் எல்லாருடைய வேலை.

கட்டி என்றால் புற்றுநோயா?

நம் ஊரில் கட்டி என்று சொன்ன உடனே புற்றுநோய் என்றே எண்ணிவிடுகிறோம். எலும்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவை வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை, உயிரைக் குடிப்பதில்லை. முழங்கால் பக்கத்தில் எலும்பு ஒரு முளைபோல் துருத்திக்கொண்டிருக்கும். ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று அதற்குப் பெயர். புற்று அல்லாத எலும்புக் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுவது அதுவே. வலியோ இடைஞ்சலோ இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தென்பட்டு, பிள்ளை வளர வளரத் தானே மறைந்துபோகிற வகைகளும் உண்டு.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது மூன்று வகைகளை. மூன்றும் சிறுவர்களையும் வாலிபர்களையும் தேடி வருகிறவை. மூன்றுக்கும் ஊசி வழியான சிகிச்சை இருக்கிறது.

ராத்திரி வலி

முதலாவது, ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற சிறு கட்டி. நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி ஜாஃபே என்ற மருத்துவர் 1935ம் ஆண்டு இதைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தார். புற்று அல்லாத எலும்புக் கட்டிகளில் பத்தில் ஒன்று இந்த வகை. பெரும்பாலும் 5 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வருகிறது. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பாதிக்கு மேல் தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பிலும் காணப்படுகிறது.

இதன் அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு கொண்டைக்கடலை அளவுதான். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போவது அபூர்வம். அந்தச் சிறு கருவை டாக்டர்கள் நைடஸ் என்கிறார்கள். லத்தீனில் அதற்குக் கூடு என்று அர்த்தம். முத்துக் குளித்த கரையில் வாழ்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். உள்ளே நுழைந்த அந்நியப் பொருளைச் சுற்றிச் சிப்பி அடுக்கடுக்காகப் பூசி மூடுகிறதல்லவா? அதுபோல இந்தக் கருவைச் சுற்றி நல்ல எலும்பு தடித்துத் தடித்து வளர்ந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் வெளியே தெரிவது அந்தத் தடிப்பு. வலி பிறக்கிற இடமோ உள்ளே ஒளிந்திருக்கும்.

அளவு சிறியது, வேதனை பெரியது. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரியில் கூடும். பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு அழும். ஆஸ்பிரினோ அந்த இனத்து வலி மாத்திரையோ கொடுத்தால் அரை மணி நேரத்தில் வலி அடங்கும். காரணம் இருக்கிறது. அந்தக் கருவிலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் மிக அதிகமாகச் சுரக்கிறது. வலியைக் கிளப்புவது அதுதான். ஆஸ்பிரின் இந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கிறது என்று இங்கிலாந்தின் ஜான் வேன் 1971ல் கண்டுபிடித்தார். அதற்காக 1982ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதனால்தான் எங்கள் டாக்டர் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டால், "எந்த மாத்திரை போட்டால் தூங்குகிறான்?" என்று தாயாரைக் கேட்கிறார். அந்தப் பதிலிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவேண்டாம். வைரஸ் காய்ச்சலோடு இருக்கிற பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்குகிற ஆபத்து உண்டு. டாக்டர்கள் இப்போது வேறு மாத்திரைகளைத் தருகிறார்கள்.

வலி சொல்லும் செய்தி

டாக்டர் பால் பிராண்டை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1914ம் ஆண்டு நம் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946ல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் காயப்பட்டும் தேய்ந்துபோகின்றன என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர். வலி நம்முடைய காவல்காரன் என்பதை வாழ்நாளெல்லாம் போதித்தார்.

இந்தப் பிள்ளைகளின் எலும்பில் அந்தக் காவல்காரன் ராத்திரிதோறும் கதவைத் தட்டுகிறான். வீட்டார் என்ன செய்கிறோம்? "வளர்ற வலிடா, தூங்கு" என்கிறோம். வாத்தியார் பள்ளிக்கூடத்தில், "படிக்கக் கள்ளம், விளையாட வரச் சொன்னால் மாத்திரம் காலு வலிக்கோ" என்கிறார். பாட்டி கண்ணேறு கழிக்கிறார்கள். அடுத்தது எண்ணெய் போட்டுத் தடவுகிறோம், உளுந்த மாவும் முட்டையும் குழைத்துக் கட்டு போடுகிறோம். கடைசியில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, அது கேட்கிறது என்று மாதக்கணக்கில் கொடுக்கிறோம்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்லுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தகப்பனும் தாயும் உப்பு வாருகிறவர்கள். பையனுக்குப் பதின்மூன்று வயது. ஒன்றரை வருஷமாக ராத்திரி அழுகை. அந்தத் தாய் விடியற்காலம் நாலு மணிக்கு அளத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன்னே இரண்டு மணிக்குப் பையன் எழுந்துவிடுவான். அவன் காலைத் தன் மடியில் போட்டுத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்து, அப்படியே வேலைக்குப் போன நாட்கள் அநேகம். நம்மிடம் வந்தபோது, வலிக்கிற காலின் தொடை மற்றக் காலைவிட மெலிந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு தடித்திருந்தது. டாக்டர் "கட்டி" என்றார். தகப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றவரிடம் போய்ப் பேசினேன். "காலை எடுக்கிறதா இருந்தா வேண்டாம் ஐயா, வலியோடயே இருக்கட்டும்" என்றார். காலை எடுக்கிற பேச்சே இல்லை என்பதை அவர் நம்புவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. டாக்டரை மறுபடி அழைத்து வந்து, படத்தைக் காட்டி, கொண்டைக்கடலை அளவைக் காட்டிப் பேசினோம். சென்னைக்கு அனுப்பினோம். ஊசி வழியாகச் சிகிச்சை நடந்தது. மறுநாள் ராத்திரி பையன் விடியவிடியத் தூங்கினான். தாய்தான் தூங்கவில்லையாம். "ரெண்டு மணிக்கு முழிச்சிருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ஐயா, அவன் முழிக்கவே இல்ல" என்றார்கள்.

முன்பு செய்த ஆபரேஷன்

இந்தக் கட்டியை எடுக்க முன்பு ஆபரேஷன் ஒன்றே வழி. இன்றும் சிலருக்கு அது தேவைப்படுகிறது. அதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. எலும்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். கரு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. தப்பிப்போகக் கூடாதே என்று சர்ஜன் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து ஒரு துண்டாக வெட்டி எடுப்பார். வெட்டின இடம் பலவீனப்பட்டு முறிந்துபோகலாம். ஆகவே இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, சிலசமயம் தகடும் திருகும் போட்டு, மாதக்கணக்கில் பிள்ளையைக் காலூன்றாமல் வைத்திருப்பார்கள். கொண்டைக்கடலை அளவு நோய்க்கு இத்தனை பெரிய காயம்!

இரண்டு கண்டுபிடிப்புகள் சேர்ந்து இதை மாற்றின. ஒன்று சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இந்தக் கருவியில் 1971ல் முதல் நோயாளியைப் படம் பிடித்தார்கள். ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதுபோல் எலும்பை மெல்லிய அடுக்குகளாக இது காட்டுகிறது. ஒளிந்திருக்கும் கரு இதில் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டாவது ரேடியோ அலை மின்சாரம். நரம்பு வலிக்கும், இருதயத் துடிப்புக் கோளாறுக்கும் டாக்டர்கள் அதை ஏற்கனவே பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையைச் சேர்ந்த டேனியல் ரோசந்தாலும் உடன் ஊழியரும் இந்த இரண்டையும் இணைத்து, 4 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை 1992ம் ஆண்டு வெளியிட்டார்கள். 2003ல் அவர்களே 263 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். முதல் சிகிச்சையாக இதைப் பெற்று, இரண்டு வருஷம் கழித்தும் விசாரிக்க முடிந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு வலி முற்றிலும் நீங்கியிருந்தது.

இது வெளிநாட்டுக்காரருக்கு மாத்திரம் கிடைக்கிற சிகிச்சை என்று எண்ணவேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர்கள் இதே முறையில் தாங்கள் செய்த சிகிச்சைகளின் பலனை 2017ல் வெளியிட்டார்கள். நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இன்று இது வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது.

ஊசி முனையில் சூடு

எப்படிச் செய்கிறார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். எளிதாகச் சொல்லுகிறேன். பிள்ளைக்கு முழு மயக்கமோ, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வதோ அவசியம். ஏனென்றால் அந்தக் கருவைத் தொட்டால் வலி கடுமை. பிள்ளையைச் சி.டி. ஸ்கேன் மேஜையில் படுக்கவைத்து, மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுக்கிறார்கள். இரத்தக்குழாயும் நரம்பும் குறுக்கிடாத வழியைத் தெரிந்துகொள்ளுகிறார்கள். தோலில் சில மில்லிமீட்டர் கீறல் போதும். எலும்பில் சிறு துளை போட்டு, கருவிலிருந்து ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளுகிறார்கள். பிறகு அதே துளை வழியாக ஊசிபோன்ற மின்முனையைக் கருவின் நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மின்சாரம் பாயும்போது முனையைச் சுற்றியுள்ள திசு 90 டிகிரி அளவுக்குச் சூடாகிறது. ஐந்தாறு நிமிடத்தில் கரு செத்துவிடும். சுற்றியுள்ள எலும்பு அப்படியே நிற்கும்.

காயத்துக்கு ஒரு சிறிய பிளாஸ்திரி. அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம், நடக்கலாம். பழைய வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடுகிறது. பாரம் தாங்குகிற எலும்பாயிருந்தால் சுமார் மூன்று மாதம் ஓட்டமும் குதிப்பும் கூடாது என்பார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வலி திரும்பக்கூடும். அவர்களுக்கு இன்னொரு தடவை செய்யலாம். தோல் சுட்டுப்போவது, நரம்புக்குச் சேதம், எலும்பு முறிவு ஆகியவை அபூர்வமாக நேரிடுவதால், முதுகெலும்பிலும் நரம்புக்கு அருகிலும் மிகுந்த ஜாக்கிரதையோடு செய்கிறார்கள். ஊசியே இல்லாமல், ஒலி அலைகளை ஓரிடத்தில் குவித்துச் சுடுகிற கருவிக்கும் 2020ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறது.

இந்தக் கட்டி சில வருஷங்களில் தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. அதுவரை மாத்திரையோடு காத்திருக்கத் தீர்மானிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது டாக்டரும் குடும்பமும் சேர்ந்து எடுக்கவேண்டிய தீர்மானம். மருந்துக்கடையில் எடுக்கிற தீர்மானம் அல்ல. வருஷக்கணக்கில் மாத்திரை தின்றால் வயிறும் சிறுநீரகமும் தாங்குமா என்பதை யார் பார்ப்பது?

நீரும் இரத்தமும் நிரம்பிய கட்டிகள்

இரண்டாவது வகை, எலும்புக்குள் நீர் கோத்த பை. தோளுக்குக் கீழே மேற்கை எலும்பிலும், இடுப்புக்கு அருகே தொடை எலும்பிலும் அதிகம். வலியே இருக்காது. ஒரு நாள் பையன் பந்து எறிவான், கை ஒடிந்துபோகும். "பந்து எறிஞ்சதுக்கா கை ஒடியும்?" என்று எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு உள்ளே கூடாகி முட்டையோடுபோல் மெலிந்திருக்கும். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து ஸ்கால்யெட்டி 1970களில், இந்தப் பைக்குள் ஊசி குத்தி நீரை எடுத்து ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துகிற முறையைக் கொண்டுவந்தார். ஒரு தடவையில் தீராது, பல தடவை போடவேண்டியிருக்கும். பிள்ளையின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பைக்குள் செலுத்துகிற முறையும் உண்டு. வளர்ச்சி முடிகிற வயதில் அநேகருக்கு இது தானே அடங்கிவிடுகிறது.

மூன்றாவது வகை, அனூரிஸ்மல் போன் சிஸ்ட் என்கிற இரத்தம் நிரம்பிய கட்டி. எலும்பை ஊதிப் புடைக்கச் செய்து அரித்துவிடும். இதற்கு நம் நாட்டு டாக்டர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லவேண்டும். காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறதே, அதற்குப் போடுகிற பாலிடோகனால் என்ற மருந்து இருக்கிறது. இரத்தக்குழாயின் உட்சுவரை ஒட்டவைத்து மூடிவிடுகிற மருந்து. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் ரஸ்தோகியும் உடன் டாக்டர்களும் அதை ஊசி வழியாக இந்த எலும்புக் கட்டிக்குள் செலுத்தினார்கள். 72 நோயாளிகள். சராசரி வயது 15 முதல் 16. ஆளுக்குச் சராசரி மூன்று ஊசி. இரண்டு பேருக்கு மாத்திரமே கட்டி திரும்பி வந்தது. 2006ம் ஆண்டு பிரிட்டனின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. பெரிய இயந்திரம் வேண்டாம், இரத்தம் ஏற்றவேண்டாம், எலும்பைச் சுரண்டி நிரப்பவேண்டாம். மெலிந்த எலும்பு மெதுவாகத் தானே நிரம்பிக்கொள்ளுகிறது. ஏழை நாட்டுக்கு ஏற்ற சிகிச்சை.

எல்லாவற்றுக்கும் ஊசி அல்ல

இதைக் கேட்டுவிட்டு, எல்லா எலும்புக் கட்டிக்கும் ஊசி போதும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. இதே வயதில், இதே முழங்கால் பக்கத்தில், ஆஸ்டியோசார்கோமா என்ற கொடிய புற்றுநோயும் வருகிறது. அதில் ஒரு வகை, எக்ஸ்ரேயில் நான் இப்போது சொன்ன இரத்தக் கட்டியைப் போலவே தோன்றும். ஆகவே முதலில் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்காமல் எந்த மருந்தையும் செலுத்துவதில்லை. எய்ம்ஸ் டாக்டர்களும் பரிசோதித்து உறுதி செய்த பிறகே ஊசி போட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு அதிகமாக வருகிற ஜயண்ட் செல் கட்டி என்ற இன்னொரு வகை பரவுவது அபூர்வம். ஆனால் எலும்பைப் பெரிதும் அழித்துவிடுவதால் அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படுகிறது.

பரிசோதனைக்கு முன்னே தடவுவதும் கட்டு போடுவதும் ஏன் கூடாது என்பது இப்போது விளங்கும். நல்ல கட்டியாயிருந்தால் மெலிந்த எலும்பு முறியும். கெட்ட கட்டியாயிருந்தால் போகிற ஒவ்வொரு வாரமும் இழப்பு. காலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து தடவிக்கொண்டிருந்த குடும்பத்தில், அந்தத் தாமதமே காலை எடுக்கச் செய்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வீட்டில் கவனிக்கவேண்டியது

ஆகவே தாய்மாரே, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களே, இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்கிற வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். இன்று இங்கே, நாளை அங்கே என்று மாறும். காலையில் பிள்ளை துள்ளி ஓடும். ஒரே காலில், ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, வாரக்கணக்கில் ராத்திரியில் எழுப்புகிற வலி, இவை வளர்கிற வலி அல்ல. பிள்ளை நொண்டினாலும், ஒரு கால் மற்றதைவிட மெலிந்தாலும், எலும்பின்மேல் வீக்கம் கண்டாலும், சாதாரண விழுகைக்கு எலும்பு முறிந்தாலும், வளர்கிற பிள்ளையின் முதுகு வலியோடு ஒரு பக்கமாக வளைந்தாலும் தாமதிக்கவேண்டாம். எக்ஸ்ரே எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாலும், வலி நிற்காவிட்டால் மறுபடி போங்கள். மூட்டுக்கு அருகிலும் முதுகெலும்பிலும் இருக்கிற சிறு கரு சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும். சி.டி. ஸ்கேனில் அகப்படும்.

நம் கையில் இருக்கிறது என்ன?

நம்முடைய மருத்துவமனையில் இந்த ஊசிச் சிகிச்சை செய்வதற்கான கருவியும் டாக்டரும் இல்லை. நாம் செய்வது கண்டுபிடிப்பதும், சரியான இடத்துக்கு அனுப்புவதும், திரும்பி வந்தபின் கவனிப்பதும். தூத்துக்குடியில் 2000ம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், திருநெல்வேலியில் 1965 முதல் இருக்கிற மருத்துவக் கல்லூரியும் நமக்கு அருகே இருக்கின்றன. அதற்கு மேலே மதுரை, சென்னை, வேலூர். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகளின் எலும்பு நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடந்து வருகிறது. 2018ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு, எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும். உங்கள் தெருவில் அட்டை இல்லாத குடும்பம் இருந்தால், அட்டை எடுக்க உதவுவதே பெரிய தர்மம்.

அட்டை கொடுக்காத செலவுகள் சில உண்டு. செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஊர் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. அதில் தகப்பனும் தாயும் பிள்ளையும் போய்வர டிக்கெட் வேண்டும். அங்கே நாலு நாள் தங்கவேண்டும், சாப்பிடவேண்டும். அந்த நாலு நாளும் அளத்தில் கூலி இல்லை. வீட்டில் விட்டுவந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? மூன்று மாதம் கழித்து மறுபடி காட்ட வரச்சொன்னால், வலிதான் போய்விட்டதே என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள். சிகிச்சை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், அட்டையும் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை ராத்திரி அழுதுகொண்டிருக்கிறது. காரணம் இந்தச் சில்லறைச் செலவு. நீங்கள் தருகிற கைப்பிடி அரிசிக் காணிக்கையும் அசன வைபவத்தில் சேர்கிற காணிக்கையும் இந்த இடத்தில்தான் பேருதவியாகின்றன.

இது இந்தக் கரைக்குப் புதிதல்ல. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயலில், 16ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவசாலை நடத்தினார். அதைத் தாங்கினது இந்தக் கரையின் ஜனங்கள் கொடுத்த காணிக்கை. முத்துக்குளித்துப் பிழைத்தவர்கள் கொடுத்தார்கள். உப்பு வாருகிறவர்களும் பனையேறுகிறவர்களும் இன்று கொடுக்கிறீர்கள்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் வேறொன்று கொடுக்கலாம். சென்னையிலும் வேலூரிலும் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். போகிற குடும்பத்துக்கு ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டுக் கொடுங்கள். படிக்கத் தெரியாத தகப்பனோடு துணைக்குப் போங்கள். எந்த வரிசையில் நிற்கவேண்டும், எந்தச் சீட்டை எங்கே கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் கூட இருந்தால், பாதிப் பயம் போய்விடும்.

முடிக்கிறேன். இன்று ராத்திரி வீட்டுக்குப் போகிற வழியில், உங்கள் தெருவில் நொண்டி நடக்கிற பிள்ளை யார், ராத்திரி அழுகிற பிள்ளை எந்த வீட்டில் என்று சற்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாயிடம் போய், "எக்ஸ்ரே எடுத்துப் பாத்தியாம்மா? கட்டின்னு சொன்னாலும் பயப்படாதே, நான் கூட வாரேன்" என்று சொல்லுங்கள். திங்கள் முதல் சனி வரை காலையில் நம் மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். மற்றதை டாக்டர்களும் நாங்களும் பார்த்துக்கொள்ளுகிறோம்.

தேவன்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.